மனை பேசப் போன பிரான்சிஸ் டே

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. கல்யாணம் ஆகி மூன்று வருடம், கைக்குழந்தை இருக்கிறது. இத்தனை நாளும் வாடகை வீடுதான். இங்கே எளாவூரிலேயே ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். அவன் மனைவிக்குப் பார்த்தவுடனே பிடித்துப் போயிற்றாம்.

"சார், ஓனர் சொல்ற வெலையில எவ்ளோ கொறைச்சுக் கேக்கலாம்? நீங்க கவர்மெண்ட் ஆபீஸ்ல இருந்தவரு. கூட வந்து ஒரு வார்த்தை பேசிக் குடுங்க" என்றான்.

"வெலை கெடக்கட்டும் தம்பி, முதல்ல உக்காரு. உன்ன மாதிரியே முதல் முதலா மனை பேசப் போன ஒருத்தர் கதையச் சொல்றேன்" என்றேன். பையன் கடிகாரத்தைப் பார்த்தான். ஆனாலும் உட்கார்ந்தான். என் மனைவி இரண்டாவது முறை காபி கொண்டு வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருக்குக் கதையின் முன்பாதி தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது பின்பாதியை.

அந்த ஒருத்தர் பிரான்சிஸ் டே. அவர் பேசி வாங்கிய மனைதான் இன்றைய சென்னை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் துய்ப்ளேக்ஸ் உண்டு, பிரான்சுவா மர்த்தேன் உண்டு, லபூர்தொனே உண்டு. இங்கிலீஷ்காரன் பெயர் வந்தால் எதிரி என்ற அளவில் வந்து போகும். பிரான்சிஸ் டே என்று ஒருவர் இருந்ததே எனக்கு வேலைக்கு வந்த பிறகு, சென்னையில் நூலகத்துக்குப் போகும் பழக்கம் வந்தபோதுதான் தெரிந்தது. இந்த வட்டாரத்தில் குடியேறிய பிறகு அந்தக் கதை இன்னும் நெருங்கி வந்துவிட்டது. ஏனென்றால் அது தொடங்குவதே நம் பழவேற்காடு ஏரியின் இரண்டு கரைகளில்தான்.

எளாவூரிலிருந்து கிழக்கே போனால் ஏரி. அதன் தென்முனையில் பழவேற்காடு. அங்கே 1610 வாக்கில் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அப்போது இந்தக் கரையெல்லாம் சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் ஆட்சியில் இருந்தது. டச்சுக்காரர்கள் அனுமதி வாங்கி வியாபாரம் தொடங்கி, 1613-இல் ஜெல்டிரியா என்ற கோட்டையும் கட்டிவிட்டார்கள். கோட்டை இன்று இடிபாடு. டச்சுக் கல்லறைகள் மட்டும் இன்னும் பார்க்கும்படி இருக்கின்றன. மண்டை ஓடு செதுக்கிய கல்லை என் பேரப்பிள்ளைகள் பயத்தோடு தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலீஷ்காரர்கள் பழவேற்காட்டில் ஒட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். டச்சுக்காரர்கள் விடவில்லை. மசூலிப்பட்டினத்தில் 1611 முதல் அவர்களுக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. ஆனால் அங்கே கோல்கொண்டா அதிகாரிகளின் கெடுபிடி. ஆகவே 1626-இல் பழவேற்காட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 35 மைல் தள்ளி ஓர் இடம் பிடித்தார்கள். இன்று ஆந்திராவில் துர்கராஜபட்டினம் என்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் அதை அர்மகான் என்று எழுதினார்கள். அவர்களுக்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பவரின் பெயர்தான் அப்படித் திரிந்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

அர்மகான் நல்ல மனை அல்ல. துணி போதிய அளவு கிடைக்கவில்லை. உள்ளூர் நாயக்கரின் தொந்தரவு வேறு. தெற்கே டச்சுக்காரர்களின் கண்காணிப்பு. வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வருமே ஒரு சலிப்பு, எந்நேரமும் யாரையோ கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே என்று, அந்தச் சலிப்பு அங்கே இருந்த பிரான்சிஸ் டேக்கு வந்திருக்க வேண்டும். மசூலிப்பட்டினத்தில் அவருக்கு மேலதிகாரியாக வந்த ஆண்ட்ரூ கோகனும் இடம் பார்க்கச் சொன்னார். டே தெற்கே கப்பலேறினார்.

1639-ஆம் ஆண்டு அவர் வந்து பார்த்த இடம் மதராசப்பட்டினம். கூவம் கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே ஒரு மணல் திட்டு. துறைமுகம் கிடையாது. அலை மோதும் திறந்த கரை. கப்பலைத் தூரத்தில் நிறுத்திவிட்டு மசூலாப் படகில் ஏறி, நனைந்துகொண்டுதான் கரைக்கு வர வேண்டும். இப்படி ஓர் இடத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்று அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். அருகில் சாந்தோமில் போர்த்துக்கீசியர் குடியிருப்பில் அவருக்கு ஒரு பெண்ணோடு தொடர்பு இருந்தது, அவளைப் பார்க்க வசதியாக இருக்கும் என்றுதான் இந்த இடத்தைப் பிடித்தார் என்று ஒரு வம்பு 300 வருடமாக நடமாடுகிறது. உண்மையோ பொய்யோ, மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் மனை பார்ப்பது நம்மிடமும் உள்ள வழக்கம்தானே!

ஆனால் டே மேலிடத்துக்கு எழுதிய காரணம் வேறு. இங்கே நீளத்துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 மலிவு என்று கணக்குக் காட்டினார். வீடு வாங்குபவன் செய்ய வேண்டிய முதல் வேலையை அவர் சரியாகச் செய்திருக்கிறார். கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை, தன் பிழைப்புக்கு ஒத்து வருமா என்று பார்த்தார்.

எதிர்ப்பக்கம் இருந்தவர் தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர். வந்தவாசியில் இருந்துகொண்டு இந்தப் பகுதியை நிர்வகித்தவர். அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து கரையோரத்தைப் பார்த்துக்கொண்டார். நம் பள்ளிப் பாடங்களில், வெள்ளைக்காரன் வந்தான், ஒன்றும் தெரியாத நாயக்கரை ஏமாற்றி மனையைப் பிடுங்கினான் என்பது போல ஒரு தொனி இருக்கும். கும்பினிக் கடிதங்களில் தெரியும் நாயக்கர் அப்படிப்பட்டவர் அல்ல. தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தன் நாட்டில் வியாபாரம் பெருக வேண்டும். பாரசீகத்துக் குதிரைகள் வேண்டும். வங்கத்துக்கும் பாரசீகத்துக்கும் ஆண்டுதோறும் தன் ஆளைக் கும்பினிக் கப்பலில் அனுப்பி வல்லூறு, குரங்கு, கிளி போன்றவற்றை வாங்கிக்கொள்ள வழி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கம்பக்கத்து எதிரிகள் பாய்ந்தால் தான் ஓடி ஒளிந்துகொள்ள ஒரு பலமான கோட்டை வேண்டும்.

இன்னொரு கோரிக்கையும் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. புதிதாக உண்டாகும் ஊருக்குத் தங்கள் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயர் வைக்க வேண்டும் என்பது. விற்பவர்கள் தந்தை பெயர் ஊருக்கு வந்தது. வாங்கியவர்கள் கோட்டைக்கு ஜார்ஜ் புனிதரின் பெயரை வைத்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஆசை நிறைவேறியது.

கவுல் எழுதப்பட்டது. அதன் தேதியிலேயே குழப்பம். பிரதிகளில் ஜூலை 22 என்று இருக்கிறது. டே வந்து சேர்ந்ததே ஜூலை 27 என்பதால், அது ஆகஸ்டு 22-ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். நாம் சென்னை நாள் கொண்டாடுவது அந்த ஆகஸ்டு 22-ஐத்தான். முப்பது வருடம் தபால் தேதி பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஒரு மாநகரத்தின் பிறந்த நாளே எழுத்தர் கைப்பிழையில் தொங்குகிறது!

அந்தக் கவுல் உண்மையில் நாம் சொல்லும் கிரயம் அல்ல. நிலம் கைமாறவில்லை, உரிமைதான் கொடுக்கப்பட்டது. முதல் 2 ஆண்டுகள் ஊரை இங்கிலீஷ்காரர்கள் நிர்வகிக்கலாம். அதன் பிறகு சுங்கத்திலும் வரும்படியிலும் சரிபாதி. அவர்கள் சரக்குக்குச் சுங்கம் இல்லை. நாணயம் அடித்துக்கொள்ளலாம். வாங்குபவருக்கு இதைவிட நல்ல பேச்சு அமைய முடியாது.

ஆனால் ஒரு வரி இருந்தது. எல்லாத் தொல்லையும் அதிலிருந்துதான்.

கோட்டையைக் கட்டுவது யார் செலவு? கவுலின் மொழிபெயர்ப்பின்படி, இங்கிலீஷ்காரர்கள் விரும்பும் அமைப்பில் நாயக்கர் கோட்டையைக் கட்டித் தருவார். கட்டி முடியும்வரை செலவு அவருடையது. கட்டி முடித்து ஒப்படைத்ததும் இங்கிலீஷ்காரர்கள் பணம் கொடுக்க வேண்டும். டே இதை நம்பினார். அதைவிட ஒரு படி மேலே போய், கோட்டை முடியும்வரை ஆகும் பணத்துக்கு வட்டியைத் தானே கொடுப்பதாகவும் சொல்லிவிட்டார் என்று அவர் கூட்டாளிகள் பின்னால் எழுதினார்கள். மனை பிடித்துப் போனவன் வாயிலிருந்து வரும் வார்த்தைதான் இது. கை மீறி ஆசைப்பட்ட நேரத்தில் நாம் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டோம்?

அனுமதியெல்லாம் வந்து, கோகனும் டேயும் ஈகிள், யூனிட்டி என்ற கப்பல்களில் 1640 பிப்ரவரி 20 அன்று வந்து இறங்கினார்கள். கூடவே சுமார் 25 சிப்பாய்கள். இறங்கிப் பார்த்தால் கோட்டையும் இல்லை, கோட்டைக்குப் பணமும் இல்லை. நாயக்கர் பக்கத்திலிருந்து செலவுக்கு எதுவும் வருவதாகத் தெரியவில்லை. வட்டி தருவதாகச் சொன்ன டேயும் கையை விரித்துவிட்டார். கடைசியில் கும்பினிப் பணத்தில்தான் சுவர் எழும்பிற்று. ஏப்ரல் 23, ஜார்ஜ் புனிதர் திருநாள். அதற்குள் ஒரு பகுதி முடிந்ததால் கோட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள். இவ்வளவு செலவு யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று பின்னால் டே, கோகன் இருவருமே மேலிடத்துக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தது.

நாயக்கர் வாக்குத் தவறினாரா, அல்லது அவர் சொன்னது வேறு, மொழிபெயர்த்தது வேறா? அவர் குடும்பம் தெலுங்குக் குடும்பம். வந்தவர் இங்கிலீஷ்காரர். நடுவில் துபாஷிகள். பேரி திம்மப்பா என்பவர் உடனிருந்து உதவினார் என்பது வழிவழிச் செய்தி. கட்டித் தருகிறேன் என்பதற்கும் கட்டிக்கொள்ள உதவுகிறேன் என்பதற்கும் நடுவில் எத்தனை கோட்டைகள் காணாமல் போகலாம் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

நாயக்கருக்கும் லாபம் இல்லை. எதிரி வந்தால் ஒளிந்துகொள்ளலாம் என்று கேட்ட கோட்டை அவருக்குப் பயன்படவே இல்லை. ஏழெட்டு ஆண்டுகளில் கோல்கொண்டாப் படை வந்து இந்தப் பகுதியைப் பிடித்துவிட்டது. தாமர்லா குடும்பத்தின் அதிகாரம் போயிற்று. இங்கிலீஷ்காரர்கள் புதிய எஜமானரோடு புதிதாகப் பேசிக்கொண்டார்கள். 1672-இல் ஆண்டுக்கு 1,200 வராகன் என்று நிரந்தரமாக ஒரு தொகை முடிவாயிற்று. இந்தத் தடவை அவர்களுக்கு அனுபவம் வந்துவிட்டது. சரிபாதி, முக்கால் பாதி என்று கணக்குச் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே எண்.

அனுபவம் வந்ததற்கு இன்னொரு சான்று கடலூர். 1690-இல் எலிஹு யேல் சென்னையில் கவர்னராக இருந்தபோது, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடம் வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்று கேள்வி. நான்கு புறமும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை என்று பேச்சு. உடனே சென்னையிலிருந்து நல்ல பீரங்கியும் கைதேர்ந்த ஆளும் அங்கே அனுப்பப்பட்டார்கள். நான்கு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூரும் சுற்றுக் கிராமங்களும் வந்துவிட்டன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நெடுநாள் இருந்தது. குண்டு சாலை என்று இன்றும் கடலூரில் ஒரு சாலை உண்டு. அளவைச் சொல்லாமல் அளவுகோலைச் சொன்ன விற்பனை இது. அளவுகோலை வாங்குபவன் கையிலேயே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

எங்கள் புதுச்சேரி கதையும் ஒன்று உண்டு. 1693-இல் டச்சுக்காரர்கள் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தார்கள். 1697-இல் ஐரோப்பாவில் ரிஸ்விக் உடன்படிக்கை ஆயிற்று, ஊரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு. மர்த்தேன் சாவியை வாங்கப் போனால், ஊர் உங்களுடையதுதான், ஆனால் நடுவில் நாங்கள் கோட்டையைப் பலப்படுத்தி இருக்கிறோமே, அந்தச் செலவு யாருடையது என்றார்கள் டச்சுக்காரர்கள். 1699-இல் 16,000 வராகன் கொடுத்த பிறகுதான் ஊர் கைக்கு வந்தது. வாடகைக்கு இருந்தவர் காலி செய்யும்போது, நான் போட்ட மின்விசிறி, நான் பதித்த கல் என்று கணக்குச் சொல்வாரே, அதேதான்.

மூன்று கதையிலும் விலை தகராறு இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் கட்டுவது, எதுவரை நம்முடையது, நடுவில் செய்த செலவு யாருடையது. தகராறெல்லாம் இதில்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1986-இல் நான் கும்மிடிப்பூண்டியில் வேலையில் இருந்தேன். எளாவூரில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்தில் ஐந்து சென்ட் மனையில் ஓர் ஓட்டு வீடு, பின்னால் கிணறு. வீட்டுக்காரர் வயதானவர். மனைவி இறந்துவிட்டார். சூலூர்பேட்டையில் இருக்கும் மகளோடு போய் இருக்க நினைத்து விலை சொன்னார். 48,000. நான் 40,000 என்றேன். சேமநல நிதியில் முன்பணம், என் மனைவியின் நான்கு வளையல், என் அண்ணனிடம் கைமாற்று எல்லாம் சேர்த்தால் 43,000 தேறும்.

பெரியவர் இறங்கி இறங்கி 43,500-க்கு வந்தார். நான் அந்தக் கடைசி 500-க்காக இரண்டு வாரம் அவரை அலைய விட்டேன். தரகர், "சார், பிடி தளர்த்தாதீங்க, அவருக்கு அவசரம்" என்றார். அவருக்கு அவசரம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் பிடியைத் தளர்த்தவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பெரியவரே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "தம்பி, அந்த ஐந்நூற வுட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு. கெணத்துத் தண்ணிய மட்டும் எந்தம்பி வூட்டுக்கு நிறுத்திடாதீங்க. அவங்க அந்தத் தண்ணியிலயே வளந்தவங்க" என்றார். அவர் தம்பி குடும்பம் அடுத்த வீடு.

"அதுக்கென்னங்க ஐயா, தாராளமா எடுத்துக்கட்டும்" என்றேன்.

அவ்வளவுதான். பத்திரத்தில் அது ஏறவில்லை. மற்றவர்கள் எழுதிய கோப்பில் காற்புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். என் சொந்தப் பத்திரத்தில் நான்கு எல்லையையும் மூன்று முறை படித்தேன். கிணற்றைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தோன்றியது. எழுதினால் நாளைக்கு அது உரிமை ஆகிவிடும் என்று நினைத்து, பேசாமல் இருந்துவிட்டேன்.

பெரியவர் மூன்று வருடத்தில் சூலூர்பேட்டையில் காலமானார். அதுவரை தம்பி வீட்டார் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள், நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு நான் பின்பக்கம் ஒரு அறை கட்ட நினைத்தேன். நடைபாதை மறையும். தம்பியின் பிள்ளைகள் வந்து, கிணற்றில் எங்களுக்குப் பாதி உண்டு, மூன்றடி வழியும் உண்டு என்றார்கள். பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். "பெரியப்பா உங்க கிட்ட சொல்லலையா? உங்க சம்சாரமும் அங்கதான இருந்தாங்க, அவங்களையே கேளுங்க" என்றார்கள்.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு மட்டும், "அந்தப் பெரியவரு தண்ணி குடிச்ச சொம்ப இன்னும் வச்சிருக்கேங்க" என்றாள்.

ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். வக்கீல் நோட்டீஸ் போயிற்று, வந்தது. பொன்னேரிக்குப் பல முறை அலைந்தேன். ஐந்து வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. எங்கள் மூத்த மகள் சடங்குக்கு நாங்கள் அழைக்கவில்லை. கடைசியில் 1994-இல் இரு தரப்பும் உட்கார்ந்து, தண்ணீர் இருவருக்கும் பொது, மூன்றடி வழி விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பெரியவர் திண்ணையில் கேட்டது அதுதான். அப்போதே எழுதியிருந்தால் நான்கு வரி. 500 ரூபாய் மிச்சம் பிடித்தவனுக்குச் செலவு 7,000 ரூபாய்க்கு மேல். பணத்தை விடுங்கள், அந்த ஐந்து வருடம்?

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு காட்சி ஞாபகம் வரும். புதுச்சேரியில் என் தாத்தா முத்தியால்பேட்டை வீட்டை விற்ற நாள். எனக்கு ஒன்பது வயது இருக்கும். 1954-இலேயே நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டாலும் சட்டபூர்வமான இணைப்பு 1962-இல்தான் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் பிரெஞ்சு நடைமுறைகள் பல அப்படியே இருந்தன. வீடு விற்றால் நோத்தேர் முன்னால் போக வேண்டும். அவர் வெறும் சாட்சி அல்ல. பத்திரத்தை அவரே தயாரித்து, இரு தரப்பையும் உட்கார வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படிப்பார். அன்றும் பிரெஞ்சில் படித்தார், ஒருவர் தமிழில் சொன்னார். நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் தாத்தா கையை உயர்த்தி, "அந்த ரெண்டு தென்ன மரமும் இதுல சேத்தியா?" என்று கேட்டார். படிப்பு நின்றது. வாங்குபவரும் தாத்தாவும் பேசிக்கொண்டார்கள். ஒரு வரி சேர்ந்தது. மறுபடி படிப்பு தொடர்ந்தது.

அச்சாரத்துக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பிரெஞ்சு சிவில் சட்டம் 1590-ஆம் பிரிவு. அச்சாரம் கொடுத்துப் பேசிய விற்பனையில் வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் போயிற்று. விற்பவர் பின்வாங்கினால் வாங்கியதைப் போல இரு மடங்கு கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பயம் சமமாக இருந்தால் பேச்சு நேர்மையாக நடக்கும். நான் பெரியவருக்குக் கொடுத்த அச்சாரம் 1,000 ரூபாய். வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் நினைத்திருந்தால் வேறு ஆளுக்கு விற்றிருக்கலாம். அவர் விற்கவில்லை. இரண்டு வாரம் நான் இழுத்தடித்தபோதும், பேச்சு கொடுத்த ஆள் நான்தான் என்று காத்திருந்தார்.

பையனுக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, நடைமுறைக்கு வேண்டியதையும் சொன்னேன். மூலப் பத்திரத்திலிருந்து சங்கிலி அறுபடாமல் வருகிறதா பார். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போடு, இப்போது கைப்பேசியிலேயே பார்க்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி ரசீதும் மின்கட்டண அட்டையும் யார் பெயரில் இருக்கின்றன, பாக்கி உண்டா என்று கேள். மனையை நீயே ஆள் வைத்து அள. பீரங்கியை விற்பவர் கையிலும் கொடுக்காதே, உன் கையிலும் வைத்துக்கொள்ளாதே. அச்சாரம் கொடுத்தால் எழுத்தில் கொடு. எத்தனை நாளில் பாக்கி, தவறினால் என்ன என்று அதிலேயே இருக்கட்டும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அச்சாரம் திரும்பி வருமா என்பதையும் அப்போதே பேசிவிடு.

"அப்ப வெலை சார்?" என்றான் மறுபடியும்.

"உன்னால எவ்வளவு முடியும்னு உன் சம்சாரத்தோட உக்காந்து முதல்ல கணக்குப் போடு. அதுக்கு மேல ஒரு ரூபா ஒத்துக்காத. அதுக்குள்ள வந்துட்டா, கடைசி அஞ்சு பத்துக்காக அவர அலைய விடாத. அவரு எதுக்கு விக்கிறாருன்னு கேளு. பணம் தவிர அவருக்கு வேற என்ன வேணும்னு கேளு. அவரு சொல்றது உனக்குச் சம்மதம்னா எழுது. சம்மதம் இல்லன்னா அங்கயே சொல்லிடு. தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துடாத."

கூட வந்து பேசுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. அவன் வீடு, அவன் பேச வேண்டும்.

நேற்று வழியில் பார்த்தேன். விலை இன்னும் படியவில்லையாம். ஆனால் ஒன்று சொன்னான். "சார், மேக்கால இருக்குற சொவரு யாருதுன்னு கேட்டேன். ஓனர் முழிக்கிறாரு. பக்கத்து வூட்டுக்காரரயும் கூப்ட்டு வச்சு நாளைக்குப் பேசலாம்னு சொல்லிருக்காரு."

எங்கள் கிணறு இன்றும் இருக்கிறது. தண்ணீர் உப்புக் கரிக்கிறது. துணி துவைக்கக்கூட யாரும் எடுப்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் கேன் தண்ணீர்தான். மூன்றடி வழியை மட்டும் நாங்கள் அடைக்கவில்லை. அந்த வீட்டுப் பேரன் மனைவி காலையில் அந்த வழியாக வந்து என் மனைவியோடு பேசிவிட்டுப் போகிறாள்.